தெருமுகப்பைக் கணக்கெடுப்பது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: கட்டட வரைபடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே சார், தெருவைப் பார்த்த முகப்பைத் தனியாக எதற்குக் குறிக்க வேண்டும்?

மேலிருந்து பார்த்தால் கட்டடத்தின் பரப்பு தெரியும், வாசல் தெரியாது. நீள மதிலும் கடை வரிசையும் அந்தப் படத்தில் ஒரே மாதிரிதான் கிடக்கும். நடந்து போகிறவருக்கு அப்படியா?

கேள்வி: முகப்பை எதை வைத்துத் தரம் பிரிப்பது?

டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் வகுத்த ஐந்து படிகளே போதும். தரைத்தளத்தை மட்டும் பாருங்கள். 100 மீட்டருக்கு 15 முதல் 20 சிறு கடைகள், ஆளுக்கொரு வாசல் என்றால் முதல் தரம். இரண்டுக்கும் குறைவு, மீதி வெறும் சுவர் என்றால் கடைசி. விளம்பரப் படம் ஒட்டி மறைத்த கண்ணாடியை நான் சுவர் என்றே எழுதுவேன்.

கேள்வி: க்யூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் கட்டடத்துக்கே நிறம் கொடுத்துவிடலாமா அண்ணா?

வேண்டாம். மூலைக் கட்டடத்துக்கு இரண்டு முகப்பு உண்டு. தெருவோர விளிம்பில் கோடாக வரைந்து, தரம் மாறும் இடத்தில் வெட்டுங்கள்.

கேள்வி: நடைபாதைக் கடைகளை எங்கே சேர்ப்பது?

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகளை விட்டுவிட்டு வரைந்தால் அது வேறு ஏதோ தெரு. அவற்றைத் தனி அடுக்கில் புள்ளிகளாக வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் பார்த்த நேரத்தையும் எழுதுங்கள். கடைகளோடு ஆள் நடமாட்டத்தையும் எடுங்கள். நடப்பவர்களை 10 நிமிடம் எண்ணி ஆறால் பெருக்கினால் அந்த மணிக்கான எண்ணிக்கை கிடைத்துவிடும். நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், விற்பவர், விளையாடும் பிள்ளைகள் ஆகியோரை மட்டும் ஒருமுறை நடந்தபடியே குறியிட்டுக்கொண்டு போக வேண்டும். காலை, மதியம், மாலை என்று தனித்தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்துமூவர் திருவிழா அன்று எடுத்த கணக்கைச் சாதாரண நாளோடு கலக்காதீர்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். இப்படி நேரம் குறித்த படம் கையில் இருந்தால், சாயங்காலம் மட்டும் கடை போடுபவர் பட்டியலில் விட்டுப்போக மாட்டார்.

கேள்வி: கூகுள் தெருக்காட்சியைப் பார்த்து வீட்டிலிருந்தே முடிக்க முடியாதா?

வாசல், சுவர், படிக்கட்டு வரை சரி. ஆள் நடமாட்டத்துக்கு உதவாது. அது ஏதோ ஒரு நாள் வண்டி கடந்தபோது விழுந்த படம். ஷட்டர் இறங்கியிருந்தால் மதிய இடைவேளையா, கடையே மூடிவிட்டார்களா என்று பக்கத்துக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.