மலை வீட்டுக் குளிர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எஸ்டேட்டின் பழைய கிராணி வீட்டில் குடியிருக்கிறோம். பலகைச் சுவர், பலகைத் தரை, தகரக் கூரை. ராத்திரி எல்லாவற்றையும் சாத்தினாலும் காலடியில் காற்று சிலுசிலுவென்று ஏறுகிறது. எந்த ஹீட்டர் வாங்கலாம்?
– வாசகி, ரிங்லெட்

பதில்: ஹீட்டர் பிறகு. முதலில் காற்றை நிறுத்துங்கள். கேமரன் மலையில் இரவு வெப்பம் பெரும்பாலும் 14 முதல் 16 டிகிரிதான். தானா ராத்தாவில் 7.8 டிகிரி வரை இறங்கியது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. அப்படிப்பட்ட இரவு அபூர்வம். உங்களை நடுங்க வைப்பது காற்றும் ஈரமும். இவை இரண்டும் இருக்கும்வரை எவ்வளவு பெரிய ஹீட்டர் வைத்தாலும் சூடு கூரை வழியாகப் போய்விடும்.

கீழ்நாட்டு வெயிலுக்கென்று வகுத்த அமைப்பிலேயே இங்கும் பல வீடுகளைக் கட்டிவிட்டார்கள். சுவர் உச்சிக்கும் கூரைக்கும் நடுவில் மரச்சட்ட வலை இருக்கும். வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும். அது விட்டுப்போன இடத்தை நிரப்ப, தரை இடுக்கிலும் கதவடியிலும் குளிர்காற்று உள்ளே வரும். உங்கள் கால் உணர்வது அதைத்தான். அதனால் அடைப்பு வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும்.

இரவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சுவர் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். திரைத்துணிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். கீழே புகை உள்பக்கம் சாயும், மேலே வெளிப்பக்கம் இழுபடும். புகை வளையும் இடங்களையெல்லாம் சாக்கட்டியால் குறித்துவிடுங்கள். மறுநாள் வேலைக்கு அந்தக் குறிகள் போதும்.

மேல் வலைக்கு 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் தகடு நல்லது, வெளிச்சம் குறையாது. திருகாணியைவிட 2 மில்லிமீட்டர் பெரிய துளை போடுங்கள். வெயிலில் தகடு விரியும், இறுக்கமான துளையாக இருந்தால் வெடித்துவிடும். ஓரத்தில் ஸ்பாஞ்சு பட்டை ஒட்டுங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கும் வலையை அடைக்கவே கூடாது.

கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னல் என்றால், கண்ணாடியைப் பிடிக்கும் அலுமினியக் கிளிப்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளிப்பு வளைந்தாலே மேல்கீழ் கண்ணாடிகள் படியாது. கிளிப்பை மாற்றியும் காற்று வந்தால், உள்பக்கம் கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக்கை வெல்க்ரோ பட்டையில் ஒட்டுங்கள். பகலில் கழற்றிக்கொள்ளலாம். வெயில் அடிக்கும் நாளில் நண்பகலுக்கு முன்னும் பின்னும் ஜன்னலைத் திறந்து வைத்து, மூடுபனி இறங்குமுன் சாத்திவிடுங்கள். மழை நாளில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும்.

கதவடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மூன்றடி அகலக் கதவின் கீழ் அரை அங்குலம் இடைவெளி இருந்தால், அது 18 சதுர அங்குலம். சுவரில் ஆறுக்கு மூன்று அங்குலம் ஓட்டை போட்டு வைத்ததற்குச் சமம். ரப்பர் நாக்குள்ள அலுமினியப் பட்டையைக் கதவின் உள்பக்கம் அடித்தால் தீர்ந்தது.

தரைப் பலகை இடுக்கில் சிலிகான் பீய்ச்சாதீர்கள். மழைக்காலத்தில் பலகை ஊதும், வெயிலில் சுருங்கும். ஒரு பருவத்திலேயே சிலிகான் பிய்ந்துவிடும். முதலில் ஆடும் பலகைகளை இறுக்குங்கள். ஸ்குரூடிரைவர் முனை சுலபமாக இறங்கும் பலகை உளுத்தது, அதை மாற்றிவிடுங்கள். அதன்மேல் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை, மூட்டுகள் ஒரே நேர்கோட்டில் வராதபடி மாற்றி மாற்றிப் பரப்பி, ஓரத்தில் ஆறு அங்குலத்துக்கு ஓர் ஆணி அடியுங்கள். மேலே திக்கார் கெத்தா (ரப்பர் விரிப்பு) விரித்தால் போதும்.

பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. காற்று வருகிறதே என்று வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுவார்கள். மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் தரைமரம் அழுகும், கரையான் ஏறும். அடிப்பகுதி திறந்தே இருக்கட்டும். மண்மேல் 0.2 மில்லிமீட்டர் கறுப்பு பிளாஸ்டிக்கை, ஒரு விரிப்பின்மேல் மற்றொன்று ஆறு அங்குலம் ஏறும்படி விரித்து, செங்கல் வைத்து அழுத்துங்கள்.

கேள்வி: மழையே இல்லை, ஆனால் விடியற்காலையில் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டிலில் விழுகிறது. கூரையில் ஓட்டை தேடியும் கிடைக்கவில்லை.
– வாசகர், பிரிஞ்சாங்

பதில்: ஓட்டை இருக்காது. விடியலில் தகரத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆணித் துளையைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் ஒழுகல். தகரம் முழுக்க முத்து முத்தாகத் துளி நின்றால் அது வீட்டு நீராவி. வானம் தெளிந்த இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். சோற்று ஆவி, குளியல் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி, உறங்குபவர்களின் மூச்சு எல்லாம் மேலே போய் அதில் படிந்து சொட்டும்.

ஆக, வேலை சமையலறையில் தொடங்குகிறது. சுவரில் எட்டு அங்குல எக்ஸாஸ்ட் விசிறி வையுங்கள். அதன் காற்று நேராக வெளியே போக வேண்டும், கூரைக்குள் விடக்கூடாது. அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். துணியை அஞ்சடியில் (வீட்டு முன் நடைபாதையில்) கூரைக்குக் கீழே காயப்போடுங்கள்.

அடுத்து சீலிங். பலகை இடைவெளிகளை அடைத்து, மேலே 2 அங்குல ராக்வூல் (சூடு காக்கும் கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையிலிருந்து செய்யும் பஞ்சு) பரப்பினால் இரவுச் சூடு நன்றாகவே நிற்கும். கூரை விளிம்பில் 2 அங்குலம் காற்றோட்டத்துக்கு விட்டு, அங்கே அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். இல்லாவிட்டால் எலியும் மரநாயும் ராக்வூலில் குடியேறும். வயர் இணைப்புப் பெட்டிகளை மூட வேண்டாம். வெள்ளித்தாள் அடிப்பதானால் தகரத்துக்கும் தாளுக்கும் ஓர் அங்குலம் இடைவெளி தேவை. ஒட்டி அடித்தால் பலன் மிகக் குறைவு. அது மின்சாரம் கடத்தும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே ஸ்டேப்ளர் அடியுங்கள். பழைய சிமெண்டு தகடு சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதைத் துளைக்கவோ, அறுக்கவோ, தேய்க்கவோ வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அலமாரியில் பூஞ்சை பிடித்தால் ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குங்கள். எங்களைக் கேட்டால் மலையில் ஹீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான். ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வெளிவரும். கருவி இழுக்கும் மின்சாரமும் சூடாக மாறி அறைக்குள்ளேயே நிற்கும். அறை உலரும், கதகதப்பும் ஏறும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: மருமகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். குழந்தைக்குக் குளிருமே என்று அறையைச் சாத்தி, கரி அடுப்பு வைத்து, சாம்பிராணியும் போடுகிறோம். மகன் வேண்டாம் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, தானா ராத்தா

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது சரி. இன்றிரவே அந்த அடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள். சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை அடங்கி, சாம்பல் மூடிய தணலிலிருந்தும் வரும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். பிள்ளை பெற்றவளுக்கு அசதி இயல்புதானே என்று விட்டுவிடுவோம், உறக்கத்திலேயே உயிர் போகும். இந்த அறிகுறி தெரிந்தால் எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து 999க்கு அழையுங்கள். மண்ணெண்ணெய், கேஸ் ஹீட்டர்களையும் சாத்திய அறையில் வைக்கக் கூடாது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் ஆவியாக அறையில் சேரும்.

மின்சார எண்ணெய் ஹீட்டரைத் தொட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். பெரியவர்கள் உடுத்துவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் பிள்ளைக்கு உடுத்துங்கள். பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். அவை கதகதப்பாக இருந்தால், கைகால் கொஞ்சம் சில்லிட்டிருந்தாலும் கவலையில்லை. தூங்கும்போது தொப்பி, தளர்ந்த போர்வை, வெந்நீர்ப் பை எதுவும் தொட்டிலில் வேண்டாம். சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் பிள்ளை வேறு அறையில் இருக்கும்போது போட்டு, புகை முழுதும் போன பிறகு கொண்டுவாருங்கள்.

கேள்வி: எண்ணெய் ஹீட்டர் பிளக் கறுத்துப் போகிறது. குளியலறை வாட்டர் ஹீட்டரோ வெதுவெதுப்புக்கு மேல் போவதில்லை.
– வாசகர், ரிங்லெட்

பதில்: 2000 வாட் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்ப் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் போடாமல் நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகுங்கள். பிளக் கறுப்பது உள்ளே தொடர்பு தளர்ந்ததற்கு அடையாளம். பிளக், சாக்கெட் இரண்டையும் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு மாற்றுங்கள். தரச் சான்றான சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள். தினம் நாலு மணி நேரம் முழு அளவில் ஓடினால் மாதம் 240 யூனிட். படுக்கையைச் சூடாக்கும் மின்போர்வைக்கு 100 வாட் போதும். மடித்துப் போடக் கூடாது, காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு வேண்டாம்.

வாட்டர் ஹீட்டரில் கோளாறு இருக்காது. 3.6 கிலோவாட் கருவி நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீரை 17 டிகிரிதான் ஏற்றும். மலைத் தண்ணீர் 18 டிகிரி என்றால் 35இல் நின்றுவிடும். குழாயைத் திருகி 2 லிட்டராகக் குறைத்தால் 43 டிகிரி கிடைக்கும். ஒரு லிட்டர் குடுவையைப் பிடியுங்கள், அரை நிமிடத்தில் நிரம்பினால் அளவு சரி.

கேள்வி: பழைய துரை பங்களாவில் கணப்பு இருக்கிறது. எப்போதோ ஒருமுறைதான் மூட்டுகிறோம். மற்ற நாளில் அந்த அறைதான் மிகக் குளிர்.
– வாசகர், தானா ராத்தா

பதில்: நெருப்பில்லாத புகைபோக்கி, அறையின் சூட்டை இரவெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளும். சாம்பல் முழுதும் ஆறிய பிறகு, கணப்பின் வாய் அளவுக்குப் பிளைவுட் வெட்டி, ஓரத்தில் ஸ்பாஞ்சு ஒட்டிச் செருகுங்கள். பச்சை விறகு கரிப்பிசினைப் புகைபோக்கியில் படியவைக்கும், அது தீப்பிடிக்கும். பிளந்து, கூரைக்குக் கீழே தரைபடாமல் அடுக்கி உலர்ந்த விறகை மட்டும் எரியுங்கள். மூட்டும் நாளில் பலகையை எடுத்து, ஒரு தாளைக் கொளுத்தி, புகை மேலே போகிறதா என்று பார்த்துவிட்டு விறகு வையுங்கள். புகை அறைக்குள் திரும்பினால் மேலே பறவைக்கூடோ கரியோ அடைத்திருக்கிறது. சுத்தம் செய்யும்வரை மூட்டாதீர்கள்.