பழைய இராணுவ வண்டிகளைக் கழித்துவிடலாமா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பனில் உதவிக்கு வந்த இராணுவ லாரிகள், நான் இளமையில் கண்ட அதே சாமில் வண்டிகளாகவே தோன்றின. இவற்றை மொத்தமாகக் கழித்துவிட்டுப் புதியவற்றை வாங்கினால் என்ன?
- ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் கண் ஏமாறியிருக்காது. சாமில் லாரிகள், நமீபியா-அங்கோலா எல்லையில் தென்னாப்பிரிக்கப் படை நடத்திய எல்லைப்போர்க் காலத்தவை. ராட்டெல் கவச வண்டி 1976இல் படையில் சேர்ந்தது. ஆயினும் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியன்று. காஸ்பிர் என்னும் கவச வண்டியின் அடிப்பாகம் 'வி' வடிவில் அமைந்திருப்பதால் கண்ணிவெடியின் வீச்சு இருபுறமும் சிதறிப்போகிறது. அந்த அமைப்பு இன்றும் பழசாகிவிடவில்லை. பழசாவது வேறு. ஓடாமல் கொட்டகையில் நிற்கும் வண்டியிலும் பிரேக் குழாயின் ரப்பர் காய்ந்து, வளைத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் வாய் திறக்கும். உதிரிபாகம் செய்தவர்கள் தொழிலை நிறுத்திவிட்டால், இரண்டு வண்டிகளைப் பிரித்து மூன்றாவதை ஓட்ட வேண்டியிருக்கும்.

மொத்தமாக மாற்றுவதிலும் கண்டம் உண்டு. ராட்டெலுக்கு மாற்றாகப் பேட்ஜர் வண்டிகளைச் செய்து தரும் ஒப்பந்தம் 2007இல் அரசின் ஆயுத நிறுவனமான டெனலுக்குக் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் காலாட்படை ராட்டெலையே நம்பியிருந்தது.

ஆகவே லாரிகளையே முதலில் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. கவச வண்டிக்கு எப்போதாவதுதான் வேலை; லாரிக்கோ, அரிசி மூட்டை முதல் குடிநீர் வரை, நாள்தோறும் வேலை. சந்தையில் ஓடும் வணிக லாரியின் இயந்திரமே அதில் இருந்தால், உதிரிபாகத்தை உள்ளூர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். காஸ்பிருக்குப் புது இயந்திரம் பொருத்தினாலே போதும்.