சீனியும் ஈஸ்ட்டும் போட்ட போத்தலால் மீன் தொட்டிச் செடிகளுக்குக் காபனீரொட்சைட்டு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2 அடித் தொட்டி, கொஞ்சம் செடி, சிலிண்டர் வாங்க இப்போதைக்கு வசதியில்லை, கடைக்காரரிடம் கேட்டால் "போத்தல் எல்லாம் விளையாட்டு, மீன்தான் சாகும்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நானும் மட்டக்களப்புதான், கல்லடிப் பக்கம். பல வருடமாகப் போத்தலை வைத்துத்தான் செடி வளர்க்கிறேன். அதே வசனத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன்.

சிலிண்டர் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். 4 அடித் தொட்டிக்குச் சிலிண்டர்தான் சரி. வாயு ஒரே சீராக வரும், டைமரோடு மின்வால்வு பூட்டினால் இரவில் தானாக நிற்கும், மறுப்பேயில்லை. ஆனால் 60 லீற்றர் தொட்டி வைத்திருக்கிற ஒருவரிடம் போய் அது இல்லாவிட்டால் செடியே வைக்காதே என்று சொல்வது அநியாயம். சிலிண்டரில் இருந்து வருவதும் போத்தலில் இருந்து வருவதும் ஒரே வாயுதான். 200 கிராம் சீனி முழுதாக நொதித்தால் ஏறத்தாழ 100 கிராம் காபனீரொட்சைட்டு கிடைக்கும். சும்மா விட்ட தொட்டித் தண்ணீரில் லீற்றருக்கு 2, 3 மில்லிகிராம்தான் இருக்கும். செடிக்காரர்கள் தேடுவது 20 முதல் 30 வரை. அந்த இடைவெளியைத்தான் நிரப்பப் பார்க்கிறோம்.

இங்கே போத்தல் முறை சரிவராமல் போவதற்கு முதற்காரணம் வெக்கை. இணையத்தில் உள்ள செய்முறைகள் அநேகமாகக் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் போடு என்பார்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் அப்படிப் போட்டால் முதல் இரண்டு மூன்று நாள் வாயு பொங்கிக்கொண்டு வரும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், கிழமை முடிய முதல் போத்தல் அடங்கிவிடும். சீனி தீர்வதும் நொதிக்கும்போது உண்டாகிற எதனோல் (மதுசாரம்) கூடி ஈஸ்ட் சோர்ந்துபோவதும் சேர்ந்து நடக்கும். ஆகவே இங்கே ஈஸ்ட்டைக் குறையுங்கள். கால் தேக்கரண்டியே அதிகம், இரண்டு விரலால் அள்ளுகிற அளவு போதும்.

வேகத்தைக் குறைக்கச் சீனியை ஜெலி ஆக்கலாம் என்பது பழைய உத்தி. எல்லோரும் ஜெலட்டின் என்றுதான் எழுதுகிறார்கள். ஜெலட்டின் 30, 35 பாகையிலேயே இளகிவிடும், நம் வீட்டு ஹோல் மத்தியானத்தில் அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதனால் நான் கடற்பாசி பாவிக்கிறேன். நோன்பு காலத்தில் காத்தான்குடிக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்களே, அதேதான். ஒருதரம் உறைந்தால் 80 பாகைக்கு மேல் போனால்தான் உருகும். 200 கிராம் சீனியை அரை லீற்றருக்குச் சற்று அதிகமான தண்ணீரில் 5, 6 கிராம் கடற்பாசியோடு காய்ச்சி, சூடு தணிந்ததும் உறைய முதல் 2 லீற்றர் சோடாப் போத்தலில் ஊற்றி ஆறவிடுங்கள். வடிவாக உறைந்த பிறகு அதன் மேல் அரை லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர், அந்தத் துளி ஈஸ்ட், ஒரு சிட்டிகை அப்பச்சோடா. ஈஸ்ட் ஜெலியின் மேற்பரப்பில் இருந்துதான் சீனியைத் தின்னும், அதனால் ஓட்டம் நிதானமாக இருக்கும். போத்தலின் மேல் கால்வாசி வெறுமையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தொட்டிக்கு வாயு கொண்டுபோகிற ரியூப்புக்குள் நுரை ஏறும்.

சோடாப் போத்தல் என்று சொல்வது காரணத்தோடுதான். அது அழுத்தம் தாங்கச் செய்தது. தண்ணீர்ப் போத்தல் தாங்காது. கண்ணாடிப் போத்தல் பக்கமே போகவேண்டாம், வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து.

மூடியில் ஓட்டை போட்டு ரியூப்பைச் செருகிச் சிலிக்கன் பூசுவார்கள். அந்த மூடிப் பிளாஸ்ரிக்கில் சிலிக்கன் ஒட்டாது, ஒட்டினமாதிரி நின்று சில நாளில் உரிந்து வரும். ஓட்டையை ரியூப்பின் பருமனைவிட ஒரு நூல் சிறிதாகப் போடுங்கள். ரியூப்பின் நுனியைப் பேனாமுனைபோலச் சரிவாக வெட்டி ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் தலை தெரிந்ததும் குறட்டால் பிடித்து இழுங்கள். இறுகிக்கொண்டு வரும். பசையே தேவையில்லை.

குமிழி எண்ணுவதற்கு பாமசியில் விற்கிற சேலைன் செட் போதும். சொட்டு விழுகிற அந்தச் சிறு குடுவையைத் தலைகீழாகக் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டால் வாயு கீழிருந்து குமிழியாக ஏறுவது தெரியும். சில செட்டில் ஊசிமுனைப் பக்கம் காற்றுத் துவாரம் ஒன்று இருக்கும். அதை அடைக்காவிட்டால் வாயு முழுக்க அதனால் போய்விடும், நீங்கள் ஈஸ்ட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். செட்டில் உள்ள உருளையால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த மட்டும் நினைக்க வேண்டாம். ஈஸ்ட் போத்தலை எந்த நேரத்திலும் அடைக்கக்கூடாது. அது நிற்காமல் வாயு விட்டுக்கொண்டேயிருக்கும்.

இரண்டாவது காரணம் இரவு. மீன் சாகிறது என்று சொல்கிறவர்கள் பார்த்ததெல்லாம் அநேகமாக இதைத்தான். வெளிச்சம் போனதும் செடியும் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடும். போத்தலோ பகல் இரவு பார்க்காது. 30 பாகைத் தண்ணீரில் ஒட்சிசன் நிறைந்திருந்தாலே லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான். எனவே லைட் அணைத்ததும் ரியூப்பைத் தண்ணீரில் இருந்து எடுத்து வெளியே தொங்கவிடுங்கள், காற்றுப் பம்பைப் போடுங்கள். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலத்தில் எங்கள் வீட்டில் அந்த ரியூப் அநேகமாக வெளியில்தான் தொங்கியது. பம்பும் ஃபில்டரும் நின்ற தொட்டிக்குள் வாயு விட்டுக்கொண்டிருக்க ஏலாதே. அந்த மாதங்களில் எனக்கு ஒரு கப்பி மீன்கூடச் சாகவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இனி என் மனதில் கிடக்கிற ஒரு விசயம். நான் இருப்பது மனைவியின் வீட்டில், நம் ஊர் வழக்கப்படி. ஒரு வைகாசி, கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிழமை. வீடு கழுவி, மச்சம் சமைக்காமல், எல்லோரும் ஒழுங்காக இருக்கிற நேரம். மாமியின் அண்ணன் வந்தார். ஹோலில் கால் வைத்ததும் மூக்கைச் சுருக்கி, "என்ன தங்கச்சி, அம்மாள்ட சடங்கு நேரத்துல ஊட்டுக்குள்ள கோடா வாசம் வருது?" என்றார். கோடா என்பது கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், காய்ச்சுவதற்குப் புளிக்கவைக்கிற ஊறல். மாமி, "அது மருமகன்ட மீனுக்கு வெச்சது அண்ணன்" என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. போத்தலைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார். சடங்கு முடிந்து திருக்குளிர்த்தி ஆகுமுன் அந்தக் கதை ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. கசிப்பால் எத்தனை வீடு குலைந்தது என்று கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான், ஒரு சொட்டுக் குடித்ததில்லை. என்னைப் பார்த்து அந்தக் கேள்வி வந்தது இன்றைக்கும் வலிக்கிறது. முகர்ந்தவர் தொட்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கலாம். மத்தியானம் 12 மணிக்கு ரொட்டாலாச் செடி இலையின் விளிம்பில் முத்து முத்தாக ஒட்சிசன் கோர்த்து நிற்கும், ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகும். அதைப் பார்த்த யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு சிற்றிக் அமிலத்துக்கு மாறினேன். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் நேரே இதற்கே போங்கள். ஒரு போத்தலில் 200 கிராம் சிற்றிக் அமிலம், தண்ணீருடன். மற்றதில் 200 கிராம் அப்பச்சோடா. இரண்டும் கேக் சாமான் கடையில் கிடைக்கும். இரண்டு மூடியும் அழுத்தமானியும் ஊசி வால்வும் பாதுகாப்பு வால்வும் சேர்ந்த செட் இணையத்தில் வாங்கலாம். அழுத்தம் குறையும்போதுதான் அமிலம் மறுபக்கம் போகும், ஆகவே இரவில் வால்வைப் பூட்டலாம். மணம் இல்லை. கிடைக்கிற வாயு 200 கிராம் சீனிக்குக் கிடைப்பதோடு கிட்டத்தட்டச் சமம். ஈஸ்ட்டைவிடச் செலவு கூட, அது உண்மை.

எந்தச் செடி என்று நீங்கள் எழுதவில்லை. கிரிப்டோகோரைன் வென்டி (Cryptocoryne wendtii) என்றால் போத்தலே வேண்டாம், குறைந்த வெளிச்சத்தில் தானாக வளரும். அது இலங்கையில் மட்டும் இயற்கையாக வளர்கிற செடி. அதைப் போய் ஒரு கடையில் வெளிநாட்டுச் செடி என்று எழுதி மூன்று மடங்கு விலைக்கு எனக்கு விற்கப் பார்த்தார்கள். நம் தீவின் ஓடையில் நிற்கிற செடியை நமக்கே இறக்குமதி என்று விற்பதைக் கேட்க யாருமில்லை. சரி, அதை விடுவோம்.

ரொட்டாலா, லட்விஜியா மாதிரி என்றால் போத்தல் நன்றாகவே உதவும். ரியூப் நுனியை உள் ஃபில்டர் தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் வையுங்கள், விசிறி குமிழியை நொறுக்கிக் கரைத்துவிடும். நடுவில் ஒருவழி வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் போத்தல் அடங்கிய பிறகு தொட்டித் தண்ணீர் திரும்பிப் போத்தலுக்குள் இறங்கும். டிரொப் செக்கர் ஒன்று, அதாவது தண்ணீரில் உள்ள காபனீரொட்சைட்டின் அளவை நிறத்தால் காட்டுகிற சிறு குடுவை, தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். நீலம் என்றால் போதாது, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் உடனே ரியூப்பை எடுங்கள். நிறம் மாற ஒன்றிரண்டு மணித்தியாலம் பிடிக்கும், அதனால் முதல் கிழமை நிறத்தைவிட மீனைப் பாருங்கள். மேலே வந்து வாய் திறந்தால், அது எந்த நிறத்தில் இருந்தாலும் ரியூப் வெளியே.