படுத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. செவ்வாய், வெள்ளி விரதம் வெகுநாளாக உண்டு. ஆறு மாதமாகத் தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையையும் கடைப்பிடிக்கிறேன். இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாமே! எட்டு கிலோ குறைந்தது, ஆனால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. பயோட்டின், இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் காலை காபியோடு எடுக்கிறேன். இது சரியா? புரோட்டீன் பவுடர் வேண்டுமா? கணவரும் பிள்ளைகளும் கேலி செய்கிறார்கள். மாமியார்தான் எனக்குத் துணை. 71 வயதில், சர்க்கரை இருந்தும், என்னோடு விரதம் இருக்கிறார். அவருடைய காலை மாத்திரையை மட்டும் மறக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மத்தியானம் கொஞ்சம் படபடப்பு, வேர்வை வரும், படுத்தால் சரியாகிவிடும். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இருவரும் இருக்கப் போகிறோம்.

- ஒரு வாசகி

பதில்: முடி கொட்டுவது இருக்கட்டும் அம்மா. "படுத்தால் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்குச் சரியாகிவிடும்?

உங்கள் மாமியாரின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு என்று ஏதாவது போட்டிருக்கிறதா? இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் இட்லி இருக்கிறதா, வெறும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வேலை செய்யாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அப்படி இறங்குவது அபூர்வம். ஆனால் இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் ஊரில் சர்வசாதாரணம். வெறும் வயிற்றில் அதைக் கொடுத்தது உங்கள் கை. மத்தியானம் வந்த வேர்வை, உடம்பு போட்ட கூச்சல். கல்லீரலில் இருந்த சேமிப்பை எடுத்து அது எப்படியோ சமாளித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆறு நாளும் அப்படிச் சமாளிக்கும் என்று எந்தத் தைரியத்தில் இருக்கிறீர்கள்?

இந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. என் சித்தி ஒரு ஏகாதசியன்று துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து, செத்துப்போன அக்கா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். ரவிக்கை முதுகில் ஒட்டிக் கிடந்தது. விரல்கள் சில்லென்று இருந்தன. வயசாகிவிட்டது, பேச்சு குழறுகிறது என்று நினைத்து, உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தது நான்தான். பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை வெறும் 46. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுத்த பிறகுதான் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

எனவே படுக்க வைக்காதீர்கள். வேர்வை, நடுக்கம், குழறல் எது வந்தாலும் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் விரதம் அந்த நிமிஷமே முடிந்தது. மீட்டர் இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. அதன் பிறகு வயிறாரச் சாப்பாடு, அன்றைக்கே டாக்டர். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து உடம்பிலேயே தங்கி, ஏறின சர்க்கரை மறுபடியும் இறங்கும். நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரதத்தையே கேலி செய்கிற ஆள் இல்லை நான். நானும் சஷ்டி இருந்தவள்தான். ரமலான் நோன்புக்கு ஆறேழு வாரம் முன்பே சர்க்கரை நோயாளிகள் டாக்டரைப் பார்த்து மருந்தை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதலே இருக்கிறது. நோயாளிக்கு அந்த மார்க்கத்தில் விலக்கும் உண்டு. நாம் மட்டும் ஏன் காலண்டரைப் பார்த்துவிட்டு நேராகப் பட்டினியில் இறங்குகிறோம்? அட்டையை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்துதான் பலருக்குக் கால் மரத்துப்போகிறது.

விரதம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதை மாமியாரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அவர் மனம் கோணும் என்று தயங்காதீர்கள். மனம் கோணினால் நாலு நாளில் நிமிர்ந்துவிடும். கவசம் படிக்கட்டும், விளக்கு ஏற்றட்டும், சூரசம்ஹாரத்தைக் கண்குளிரப் பார்க்கட்டும். 71 வயதுக் கிழவியின் வயிறு காய வேண்டும் என்று எந்த முருகனும் கேட்கவில்லை. அவர் எதற்காக விரதம் இருக்கிறார் என்று யோசித்தீர்களா? எல்லாரும் கேலி செய்கிற மருமகளுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்றுதான். அப்படி ஒரு மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த அன்புக்கு நீங்கள் பதில் செய்யும் லட்சணம் இதுதானா?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குவது காசைக் கரைப்பது. காபி, டீ, பால், கால்சியம் எல்லாமே அதை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் வயதில் இரும்பு குறைய அதுதான் பெரிய காரணம், அதைக் காட்டுங்கள். வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிரும். அதற்குப் பயோட்டின் மருந்தல்ல. தைராய்டு பரிசோதனைக்குப் போகும்முன் டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்துங்கள், ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டிவிடும். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்டாக இருந்தால் அது தினமும் சாப்பிடுவதல்ல. பவுடர் வேண்டாம். சாப்பிடுகிற எட்டு மணி நேரத்தில் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை ஒழுங்காக உள்ளே போகட்டும். நோபல் பரிசு 2016-இல் ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. செல் தன் கழிவைத் தானே தின்று புதுப்பிக்கும் வழியை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காக. உங்கள் 16 மணி நேரத்துக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

நாளைக் காலை அவருக்கு மாத்திரையை எடுக்கும்முன் தட்டில் மூன்று இட்லி வையுங்கள். இன்னொரு தட்டில் உங்களுக்கு மூன்று. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.