பழைய கார் இன்ஜினில் ஒரே கனெக்டிங் ராடு பேரிங் திரும்பத் திரும்பப் போவது ஏன்?

கேள்வி: 1950களின் நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். மூன்று மெயின் பேரிங் உள்ள இன்ஜின். முழுதாகப் பிரித்து வேலை செய்த பிறகு மூன்றாம் நம்பர் கனெக்டிங் ராடு பேரிங் மூன்று முறை போய்விட்டது. முதல் தடவை 600 கி.மீ. ஓடியது, அடுத்தது 300, மூன்றாவது 100 கூட வரவில்லை. கிராங்க் 0.50 மி.மீ. கிரைண்டிங் ஆகியிருக்கிறது, ஆயில் பம்ப் புதிது, சூடான பிறகும் 40 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. இன்னும் எதை மாற்றுவது?

பதில்:

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே இரண்டு நல்ல துப்பு இருக்கிறது. மூன்று தடவையும் போனது அதே மூன்றாம் நம்பர். ஒவ்வொரு தடவையும் ஓடிய தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஆயில் பம்ப் நாலு ராடுக்கும் பொது. பம்ப் கெட்டிருந்தால் இன்று மூன்று, நாளை ஒன்று என்று இடம் மாறும், அல்லது கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கும் சேர்ந்து தேயும். ஒரே இடம் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் சொந்தமான பொருள்களைத்தான் சந்தேகப்பட வேண்டும்: மூன்றாம் ஜர்னல் (ராடு பிடித்துச் சுற்றும் கிராங்கின் உருளைப் பகுதி), அதற்குப் போகும் எண்ணெய்த் துளை, மூன்றாம் ராடும் அதன் கேப்பும் (ராடின் கீழே போல்ட்டில் மாட்டும் பாதி வளையம்), மேலே உள்ள பிஸ்டன், அந்த சிலிண்டரில் நடக்கும் எரிப்பு. கேஜில் தெரியும் 40 பி.எஸ்.ஐ. பிளாக்கின் பெரிய எண்ணெய்ப் பாதையில் உள்ள அழுத்தம். மூன்றாம் ஜர்னலின் துளை அடைத்திருந்தாலும் அந்த முள் நிம்மதியாக 40லேயே நிற்கும்.

தூரம் குறைந்துகொண்டே வருவதற்கு என் கணிப்பு இது. முதல் தடவை ஏதோ சின்னக் காரணத்தால் போயிருக்கும், ஒரு துளி மணலாகக்கூட இருக்கலாம். ஆனால் ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) பிடித்து இழுத்தபோது ராடின் வட்டம் கெட்டிருக்கும், உலோகத் தூள் கிராங்கின் துளைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் அதன் விளைவுகள். புது ஷெல்லை அதே கெட்ட ராடில் போட்டுத் திரும்ப மூடினால் இப்படித்தான் ஆகும்.

கழற்றிய ஷெல்களைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மேல் ஷெல் எது, கேப்பில் இருந்தது எது, முன்பக்கம் எது என்று பின்புறத்தில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொண்டு, மற்ற மூன்று ராடுகளின் ஷெல்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல் ஷெல் எரிப்பின் அடியை வாங்குகிறது. கீழ் ஷெல் அதிக வேகத்தில் பிஸ்டனின் இழுப்பை வாங்குகிறது. மேல் ஷெல் மட்டும் நசுங்கி, உலோகம் சிறு சிறு துண்டாகப் பெயர்ந்திருந்தால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னால் இருக்கிறது, அல்லது டாப் கியரில் குறைந்த வேகத்தில் திணறத் திணற ஓட்டப்படுகிறது. கீழ் ஷெல்தான் மோசம் என்றால் அளவுக்கு மேல் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

தேய்ந்த இடம் இன்னும் அதிகம் சொல்லும். மேல் ஷெல்லின் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லின் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. இரண்டு ஷெல்லிலும் ஒரே பக்க ஓரம் தேய்ந்திருந்தால் ஜர்னல் கூம்பாக கிரைண்ட் ஆகியிருக்கிறது. இரண்டு ஓரத்திலும் குறுகலான பளபளப்புக் கோடு இருந்தால், ஜர்னலின் இரு முனையிலும் உள்ள வளைவை கிரைண்டிங்கில் பெரிதாக விட்டிருக்கிறார்கள், ஷெல் அதன்மேல் ஏறி உட்கார்கிறது. ஷெல்கள் சேரும் கோட்டருகே, மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் தேய்ந்திருந்தால் கேப் நகர்ந்து அல்லது திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. முழுவதும் சீராக வழித்தெடுத்தது போலச் செம்பு நிறம் தெரிந்தால் எண்ணெய் வரவில்லை. கீறல்களும், கீறலின் முடிவில் பதிந்த புள்ளிகளும் இருந்தால் அழுக்கு.

பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள், பலர் விட்டுவிடும் இடம் அது. பின்புறம் கண்ணாடி போல மின்னினால், அல்லது பழுப்புக் கறை படிந்திருந்தால், ஷெல் ராடுக்குள் இறுக்கமாக உட்காரவில்லை, அசைந்திருக்கிறது. ஒரே ஒரு கறுப்புப் புள்ளியும் நேர் எதிரே முன்புறத்தில் பளபளத்த வட்டமும் இருந்தால், மாட்டும்போது பின்னால் ஒரு தூசி சிக்கியிருக்கிறது. அந்த ஒரு தூசி போதும், அங்கே எண்ணெய்ப் படலம் நிற்காது.

ஷெல் பின்னால் அச்சிட்ட அளவையும் சரிபாருங்கள். 0.50 மி.மீ. கிரைண்டிங் ஆன ஜர்னலுக்கு 0.50 ஷெல் வேண்டும். பழைய இருப்பிலிருந்து எடுத்த பெட்டியில் வேறு அளவு ஒன்று கலந்திருப்பது நடக்கும்.

அடுத்து அளவு. 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரும், உள்விட்டம் அளக்கும் போர் கேஜும் இல்லாமல் இந்த வேலை நடக்காது. மூன்றாம் ஜர்னலை முன் ஓரம், நடு, பின் ஓரம் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் 90 டிகிரி திருப்பி இரண்டு தடவை, மொத்தம் ஆறு அளவு எழுதுங்கள். புதிதாக கிரைண்ட் செய்த ஜர்னலில் இந்த ஆறுக்கும் இடையே 0.01 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் எனக்குத் திருப்தி வராது. 0.05 வந்தால் பேச்சே இல்லை, மறுபடி கிரைண்டிங்தான்.

ராடுதான் இங்கே முதல் குற்றவாளி என்று நினைக்கிறேன். ஷெல் இல்லாமல் கேப்பை மாட்டி, கையேடு சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) முறுக்கி, உள்வட்டத்தை மேல்கீழாகவும், சேரும் கோட்டருகே இடவலமாகவும் அளந்து பாருங்கள். இரண்டும் 0.02 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். மேல்கீழ் அளவு குறைவாக இருந்தால் முன்பு யாரோ கேப்பை அரத்தால் ராவியிருக்கிறார்கள். பழைய இன்ஜின்களில் இது சகஜம். வெள்ளை உலோகத்தை (பேரிங்குக்கான மென்மையான உலோகக் கலவையை) ராடிலேயே உருக்கி ஊற்றிய காலத்தில் கேப்புக்கும் ராடுக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருக்கும். தட்டும் சத்தம் வந்தால் ஒரு தகட்டை உருவிவிட்டு முறுக்குவார்கள். தகடு தீர்ந்த பிறகு கேப்பையே ராவுவார்கள். அந்தப் பழக்கத்தை மெல்லிய ஷெல் போடும் ராடிலும் சிலர் செய்துவிட்டார்கள். அதில் வட்டம் முட்டை வடிவமாகி, ஷெல் சேருமிடத்தில் உள்ளே பிதுங்கி ஜர்னலைக் கிள்ளும். கேப், ராடு இரண்டின் முகத்தையும் சற்றே சீவி, வட்டத்தை மூல அளவுக்கு மறுபடி போரிங் செய்தால் ராடு பிழைக்கும். ஆனால் ராடின் கீழ்ப்பகுதியில் நீல நிறம் தெரிந்தால் சூட்டில் வெந்துவிட்டது என்று பொருள். அதைக் காப்பாற்ற முயல வேண்டாம், வேறு ராடு தேடுங்கள். மற்ற மூன்றோடு எடை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஷெல் போட்டு முறுக்கி, உள் அளவிலிருந்து ஜர்னல் அளவைக் கழியுங்கள். உதாரணமாக 49.55 உள் அளவு, 49.50 ஜர்னல் என்றால் இடைவெளி 0.05 மி.மீ. விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, 50 மி.மீ. ஜர்னலுக்கு அது சரியாக வரும். உங்கள் இன்ஜின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே எடுங்கள். பிளாஸ்டிகேஜ் இழை வைத்து நசுக்கிப் பார்ப்பது நல்ல சோதனைதான், ஆனால் வைத்த ஒரு கோட்டில் உள்ள இடைவெளியை மட்டுமே அது காட்டும், முட்டை வடிவத்தைக் காட்டிக்கொடுக்காது. நீங்கள் இதுவரை அதை மட்டும் நம்பியிருந்தால் ராடு தப்பித்துக்கொண்டே இருந்திருக்கும்.

ஷெல்லின் இறுக்கத்துக்கு எளிய சோதனை உண்டு. இரண்டு போல்ட்டையும் முழு டார்க்குக்கு முறுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் முழுக்கத் தளர்த்துங்கள். அந்தப் பக்கம் கேப்புக்கும் ராடுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி திறக்க வேண்டும், பெரும்பாலும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழையும். திறக்கவே இல்லை என்றால் ஷெல் உள்ளே தளர்வாக இருக்கிறது.

எண்ணெய்த் துளைக்கு வருவோம். மூன்று மெயின் உள்ள பல இன்ஜின்களில் நடு மெயினிலிருந்துதான் இரண்டாம், மூன்றாம் ஜர்னலுக்கு எண்ணெய் பிரிகிறது. உங்களுடையதும் அப்படியா என்று மெல்லிய செப்புக் கம்பியை விட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்படியே என்றால், இரண்டாம் ஷெல் நன்றாக இருக்கும்போது நடு மெயினைக் குறை சொல்ல முடியாது. சந்தேகம் மெயினிலிருந்து மூன்றாம் ஜர்னலுக்குப் போகும் அந்த ஒரு துளையில் வந்து நிற்கும்.

பல கிராங்குகளில் இந்தத் துளைகளைத் துளைத்த பிறகு ஒரு முனையைச் சிறு பிளக்கால் அடைத்திருப்பார்கள். கிராங்க் சுழலும்போது கனமான கசடும் உலோகத் தூளும் வெளிப்பக்கம் எறியப்பட்டு அந்த பிளக்குக்குப் பின்னால் களிமண் போல இறுகிக் கிடக்கும். மேலிருந்து டீசல் அடித்துக் காற்று விட்டால் அது வராது. காற்று மறுபக்கம் வருகிறதே என்று ஏமாற வேண்டாம், நடுவில் ஒரு கம்பி அளவு வழி இருந்தாலே காற்று வந்துவிடும். பிளக்கைத் துளைத்து எடுத்து, நீளமான பிரஷால் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். புது பிளக் போட்ட பின் அது கழன்று வராதபடி ஓரத்தில் பஞ்ச் (கூர்முனை இரும்புக் கருவி) வைத்துத் தட்டிப் பூட்டுங்கள். கிரைண்டிங் செய்த பிறகு துளை வாய் கூராக இருந்தால் மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஷெல்லைச் சீவும். இதே சமயத்தில் மூன்றாம் ஜர்னலுக்கு காந்த முறை விரிசல் சோதனை செய்துவிடுங்கள். மூன்று தடவை சூடேறிய இடம் அது. விரிசல் தெரிந்தால் கிராங்க் காயலான் கடைக்குத்தான்.

நடு மெயினில் பள்ளமும் துளையும் உள்ள ஷெல் பிளாக் பக்கமும், வெறும் ஷெல் கேப் பக்கமும்தான் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். மாறியிருந்தால் இரண்டாம் ராடும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் உங்கள் விஷயத்தில் வாய்ப்பு குறைவு.

ராடு வளைவது எப்படி என்று கேட்பீர்கள். வருடக்கணக்கில் நின்று துருப்பிடித்து இறுகிய இன்ஜினை வண்டியைக் கட்டி இழுத்தோ, ஸ்டார்ட்டரால் அடித்தோ விடுவிக்கும்போது வளையும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும்போது சுற்றினாலும் வளையும். அந்த பிஸ்டனின் பக்கவாட்டில் தேய்ந்த தடம் நேராக இல்லாமல் சாய்வாக ஓடினால் சந்தேகமே வேண்டாம். 100 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ.க்கு மேல் வளைவு ஏற்கத்தக்கதல்ல. எரிப்பைச் சரிபார்க்க, மூன்றாம் ஸ்பார்க் பிளக்கை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். அதன் பீங்கான் மட்டும் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மேனிஃபோல்டில் அந்தப் பக்கம் காற்று கசிகிறது.

ஒரு வேளை நாளைக்கு வேறு நம்பரும் போனால் பாதை மாறுகிறது. அப்போது தேட வேண்டியவை: பிளாக்கை மணல் அடித்துச் சுத்தம் செய்தபோது எண்ணெய்ப் பாதையில் தங்கிய மணல், சம்ப்பில் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில்) அதிகமாகப் பூசிய சிலிக்கான் பசை பிய்ந்து ஸ்ட்ரெயினரில் (பம்பின் வலையில்) ஒட்டியிருப்பது, பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து எண்ணெயில் பெட்ரோல் கலப்பது. டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறினால், பெட்ரோல் வாடை அடித்தால், காரணம் அந்த டயாஃப்ரம்தான். அந்தக் காலப் பல இன்ஜின்களில் ஃபில்டர் எண்ணெயின் ஒரு பகுதியைத்தான் வடிகட்டும், மீதி நேராக பேரிங்குக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். புது ஃபில்டர் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் அங்கே செல்லாது. மூன்று தடவை உலோகத் தூள் சுற்றிய உங்கள் இன்ஜினில் ஃபில்டர் கூடு, ரிலீஃப் வால்வு, ராக்கர் ஷாஃப்ட், பம்ப் எல்லாவற்றையும் பிரித்துக் கழுவியே தீர வேண்டும். புது பம்பும் இதற்கு விலக்கல்ல, அந்தத் தூளை அதுவும் குடித்திருக்கிறது.

மாட்டும்போது ஷெல்லின் பின்புறமும் ராடின் உள்வட்டமும் உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் முன்புறத்துக்கு மட்டும். ஷெல்லின் சிறு நாக்குகள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கட்டும், ராடு நம்பரும் கேப் நம்பரும் ஒரே பக்கம் இருக்கட்டும், ராடில் எண்ணெய் பீய்ச்சும் துளை இருந்தால் கையேடு சொன்ன பக்கம் பார்க்கட்டும். போல்ட், நட்டு புதியவை. ஒவ்வொரு கேப்பை முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த கேப்போடு இறுகுகிறதோ அங்கேயே நில்லுங்கள், நாலையும் முறுக்கிவிட்டுத் தேடாதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜ் முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றுங்கள். முள் எழாவிட்டால் பம்பைக் கழற்றிப் பெட்ரோலியம் ஜெல்லி நிரப்பினால் எண்ணெயை இழுத்துவிடும்.

100 கி.மீ.யில் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்து, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு அல்லது வெள்ளி மினுமினுப்புதான் பேரிங்கிலிருந்து வருவது. அது இல்லாவிட்டாலும் 300 கி.மீ.யில் சம்ப்பைக் கழற்றி இரண்டாம், மூன்றாம் கேப்பை மட்டும் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டு ஷெல்லும் ஒரே மாதிரி மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் அப்படியே மூடிவிடலாம். மூன்றில் மட்டும் பளபளப்பு தெரிந்தால் எந்த இடம், எந்த ஓரம் என்று படம் எடுத்து இங்கே போடுங்கள், ஜர்னலின் ஆறு அளவுகளையும் சேர்த்து.