படித்த கல்லூரிக்கு 50,000 ரூபாய்: கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் 2009இல் பி.எஸ்சி. முடித்தேன். இப்போது முன்னாள் மாணவர் சங்கம் கட்டட நிதிக்கு 50,000 ரூபாய் கேட்கிறது. சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற வகுப்புத் தோழர் ஒருவரும் பங்கு தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? வரிச் சலுகை கிடைக்குமா?

பதில்: கொடுங்கள். ஆனால் கட்டடத்துக்கு வேண்டாம். அரசுக் கல்லூரிக் கட்டடம் பொதுப்பணித் துறையின் வேலை. அரசு நிலத்தில் வெளியார் பணத்தில் ஒரு வகுப்பறை எழுப்ப வேண்டுமென்றால் அனுமதி, மதிப்பீடு, ஒப்புதல் என்று கோப்பு நகர வேண்டும். அதுவரை திரட்டிய பணம் வங்கியில் முடங்கும். இதற்கிடையில் சங்க நிர்வாகிகள் மாறினால், எந்த நோக்கத்துக்காக வாங்கிய பணம் என்பதே மங்கிவிடும்.

இத்தனை ஆண்டு இல்லாத அழைப்பு இப்போது ஏன் என்றும் யோசித்திருப்பீர்கள். கல்லூரிகளைத் தரப்படுத்தும் தேசிய அமைப்பான 'நாக்'கின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பதிவு பெற்ற சங்கம் உண்டா, எவ்வளவு நிதி வந்தது என்று அதில் கேட்கப்படும். மதிப்பீடு நெருங்கும்போது கல்லூரிகள் பழைய மாணவர்களைத் தேடுவது இதனால்தான். அதில் தவறில்லை. உங்கள் பணம் அறிக்கையில் ஒரு எண்ணாக மட்டும் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அரசுக் கல்லூரியில் பணம் உண்மையில் தேவைப்படும் இடம் மாணவர்தான். கல்விக் கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தமிழ்வழியில் படித்த அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். விடுபடுவது யார் என்று பாருங்கள். கடன் வாங்கிச் சிறிய மெட்ரிக் பள்ளியில் படிக்கவைத்த அப்பா இறந்துபோன பிள்ளை இந்த இரண்டு திட்டங்களிலும் வராது. தேர்வுக் கட்டணம், விடுதி உணவுக் கட்டணம், பேருந்துச் செலவு, முதுநிலை நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கட்ட முடியாமல்தான் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோகிறார்கள். துறைத் தலைவர்களிடம் கேட்டால் பெயர் பெயராகச் சொல்வார்கள்.

பலரும் உடனே நினைப்பது அறக்கட்டளைப் பரிசு, அதாவது வைப்புத் தொகையின் வட்டியில் ஆண்டுதோறும் தரும் பரிசு. 50,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டால் 7 சதவீத வட்டிக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் கிடைக்கும். உங்கள் பெயர் நிலைக்கும். ஆனால் அந்தத் தொகை ஒரு மாணவரின் படிப்பைக் காப்பாற்றாது, விலைவாசி ஏற ஏற இன்னும் தேயும். பல லட்சம் வைக்க முடிந்தால் மட்டும் அந்த வழி சரி. உங்கள் தொகைக்கு, ஆண்டுக்கு 10,000 வீதம் ஐந்து ஆண்டு கொடுப்பதே என் பரிந்துரை. 'தேர்வு, விடுதிக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்கு மட்டும். தேர்வு செய்வது துறைத் தலைவரும் இரு பேராசிரியர்களும். செலவுக் கணக்கு ஜூன் மாதத்துக்குள்' என்று கடிதம் எழுதிக் கையொப்பமிட்ட நகலை வாங்குங்கள். கணக்கு வந்தால் அடுத்த தவணை கொடுங்கள். வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

கொடுக்கும் முன் சங்கத்தைச் சோதியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவாகியிருக்கிறதா, கடைசி ஆண்டின் தணிக்கை அறிக்கை இருக்கிறதா, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு உண்டா என்று கேளுங்கள். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்தால் அனுப்பாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், அந்தப் பணம் சங்கக் கணக்கில் ஏறியதற்கு உங்களிடம் சான்று இருக்காது.

வரி விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதை. புதிய வரி முறையில் 80ஜி கழிவு (நன்கொடையை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கும் சலுகை) கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து, நீங்கள் மாற்றாவிட்டால் தானாக அமைவது புதிய முறைதான். பழைய முறையில் இருந்தால், 80ஜி அங்கீகாரம் உள்ள சங்கத்துக்குத் தரும் தொகையில் பொதுவாகப் பாதி கழியும். கணக்கில் எடுக்கப்படும் நன்கொடைக்கு வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு. 20 சதவீத அடுக்கில் இருப்பவர் 10,000 கொடுத்தால் மிச்சமாவது, செஸ் சேர்த்து, 1,040 ரூபாய். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், கணினி, புத்தகம் என்று பொருளாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. ஆயுள் உறுப்பினர் சந்தா நன்கொடை ஆகாது.

சாதாரண ரசீதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். சங்கம் உங்கள் பான் எண்ணோடு நன்கொடை விவரத்தை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அங்கிருந்து இறக்கிய சான்றிதழைத் தர வேண்டும். 10பிஇ என்று பழகிய படிவம் அது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும். 'துறை தளத்திலிருந்து இறக்கிய நன்கொடைச் சான்றிதழ்' என்றே கேளுங்கள். அங்கீகாரம் காலவரம்புக்கு உட்பட்டது, ஆகவே ஆணையில் முடியும் தேதியையும் பாருங்கள்.

சிங்கப்பூர் நண்பர் விஷயத்தில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். 'என் கணக்குக்கு அனுப்பு, நான் சேர்த்துக் கட்டுகிறேன்' என்று சொல்லிவிடாதீர்கள். இடையில் யார் கை மாறினாலும் சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டுப் பணமே, சிக்கலில் மாட்டுவது சங்கம். அவர் வேறு வகையில் உதவட்டும்: இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதம் ஒருமுறை இணையவழியில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுத்தாலே பெரிய காரியம்.

சுயநிதிக் கல்லூரியில் படித்தவர்கள் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் வேறு. கட்டணத்தில் நடக்கும் நிறுவனத்தின் பொது நிதிக்குக் கொடுக்கத் தேவையில்லை. மாணவர் உதவிக்குத் தனிக் கணக்கு காட்டினால் மட்டும் கொடுங்கள். தம்பி, தங்கையின் சேர்க்கையோடு சேர்த்து 'நன்கொடை' கேட்டால், 1992ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்த 'கேப்பிடேஷன்' கட்டணம் அது. கொடுக்காதீர்கள்.

முதல் தவணையை மார்ச் 31க்குள் வங்கிப் பரிமாற்றமாக அனுப்புங்கள். அனுப்பும்போது பான் எண்ணையும், பான் அட்டையில் உள்ளபடியே பெயரையும் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் சான்றிதழ் உங்கள் கணக்கோடு பொருந்தாது. ஜூலையில் வரி தாக்கல் செய்யும்போதுதான் அது தெரியவரும்.