சபைக் கூடத்தில் ஓடிய படம்

கேள்வி: எங்கள் சபை இளைஞர்கள் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கிலப் படம் ஒன்றை டெலிகிராமில் இறக்கி, வசனங்களைப் படுக மொழியில் பேசிப் பதிவுசெய்து, கிறிஸ்துமஸ் வாரத்தில் கூடத்தில் இலவசமாகத் திரையிட்டார்கள். தமிழ் வசனம் முழுதாகப் பிடிபடாத பாட்டிமார்கள் கண்கலங்கிப் பார்த்தார்கள். இப்போது அதை யூடியூபில் ஏற்றப் போகிறார்கள். போதகரோ 'அது திருட்டு' என்கிறார். காசு வாங்காத ஊழியம் எப்படித் திருட்டாகும்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: சட்டப்படி உங்கள் போதகர் சொல்வதே சரி. இயேசுவின் வரலாறு எவருக்கும் தனிச்சொத்து அன்று. ஆனால் அதை ஒருவர் படமாக எடுத்துவிட்டால், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்கு அந்தப் படத்தின் உரிமை காக்கப்படும் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதை அறிந்தே மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயம் கருதாத மீறல் என்றால், நீதிமன்றம் காரணங்களைத் தீர்ப்பில் குறிப்பிட்டு இதைவிடக் குறைவாகத் தண்டிக்கலாம். ஆக, காசு வாங்காதது தண்டனையைக் குறைக்கக்கூடும். குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

சமயச் சடங்குகளுக்கு விலக்கு உண்டே என்று கேட்பீர்கள். 52ஆம் பிரிவில் அப்படி ஒன்று இருப்பது உண்மைதான்; கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போடுவது வரைக்கும் அது நீள்கிறது. ஆனால் எழுத்து, நாடகம், இசை, ஒலிப்பதிவு ஆகியவற்றைச் சொல்லும் அந்த விலக்கு, திரைப்படத்தைச் சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தின்மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு நூலோ நாடகமோ வெளியாகி 7 ஆண்டுகள் கடந்தபின், அதை மொழிபெயர்த்து வெளியிட உரிமம் கேட்டு விண்ணப்பிக்க 32ஆம் பிரிவு வழிவிடுகிறது. படத்துக்கு அந்த வாசல் திறக்கவில்லை. படுக மொழியில் குரல் கொடுத்தால் போட்ட பணம் திரும்பாது என்று உரிமையாளர் ஒதுங்கிக்கொண்டால், பாட்டிமார்கள் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனாலும் திருட்டுத் தளங்கள் சிறு மொழிகளுக்கு உதவுகின்றன என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவை ஏற்கெனவே இருக்கும் ஆங்கில, இந்தி, தமிழ்ப் பிரதிகளைப் பரப்புகின்றனவே தவிர, யாரும் உட்கார்ந்து படுக மொழிக்கு வசனம் எழுதித் தருவதில்லை. அந்த உழைப்பு முழுவதும் உங்கள் இளைஞர்களுடையது.

லூக்கா நற்செய்தியை ஒட்டி 1979இல் வெளியான 'இயேசு' திரைப்படத்தை, அதைப் பரப்பும் அமைப்பே 2,000க்கும் மேற்பட்ட மொழிகளில் கொண்டுவந்து இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. இலவசம் என்பதால் அவர்கள் உரிமையைக் கைவிட்டுவிட்டதாகப் பொருளில்லை. ஆனால் சிறு மொழிகளுக்குக் கொண்டுபோவதே தங்கள் வேலை என்றிருப்பவர்கள் அவர்கள். ஆகவே முதலில் அவர்களுடைய மொழிப்பட்டியலில் உங்கள் மொழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாட்டிமார்களுக்கு அதையே போட்டுக்காட்டலாம்.

இளைஞர்கள் குரல் கொடுத்த அந்தப் படத்தைத்தான் வெளியிட வேண்டும் என்றால், யூடியூபில் ஏற்றுவதை நிறுத்திவைத்து, அதன் உரிமையாளருக்குச் சபையின் பெயரில் கடிதம் எழுதச் சொல்லுங்கள். அனுமதியின்றிக் கூடத்தில் திரையிட்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, படுக மொழி வசனப் பிரதியையும் அதோடு இணைக்கட்டும்.